கால் மில்லிமீட்டர்

முழங்காலுக்குக் கீழே நான்கு வளையங்கள்.
சைக்கிள் ஸ்போக்ஸ் போல முறுக்கேற்றிய கம்பிகள்
தோலில் நுழைந்து, எலும்பைத் துளைத்து,
மறுபக்கம் வெளியே வருகின்றன.
தோலோன் முதல் வாரம் முழுக்க
அதைப் பார்க்காமல் விட்டத்தையே பார்த்தான்.
நாரின் ஆஸ்பத்திரி விட்டத்தில்
ஈரக்கறை ஒன்று உண்டு, ஆட்டுத்தலை போல.
அதைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை.

தலையில்லாத ஆட்டுக்காக
இரண்டு அணிகள் குதிரைமேல் முட்டிக்கொள்ளும்
எங்கள் ஊர் ஆட்டத்தில்
குதிரை இவன்மேல் விழுந்தது.
குதிரைக்கு ஒன்றுமில்லை.
எலும்பு தோலைக் கிழித்து
மண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.
பிளேட் வைத்தார்கள், சீழ் வைத்தது.
பிளேட்டை எடுத்தார்கள்.
பிறகு கெட்டுப்போன எலும்பையே
வெட்டி எடுத்தார்கள், ஏழு சென்டிமீட்டர்.
என் அளவுநாடாவில் காட்டினேன் அவனுக்கு:
ஒரு சட்டைக் காலரின் அகலம்.
காட்டியிருக்கக் கூடாது.

டாக்டர் புருலாய் காகிதத்தில் வரைந்தார்:
மேலே இருக்கிற நல்ல எலும்பை உடைப்பேன்,
அந்தத் துண்டை மெல்ல மெல்லக் கீழே நகர்த்துவோம்,
அது விட்டுவிட்டு வந்த இடத்தில்
புது எலும்பு தானே முளைக்கும்.
"சேர்ப்பதற்கா உடைக்கிறீர்கள்?"
"ஆமாம்" என்றார், காகிதத்தை மடித்தார்,
அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வீட்டுக்கு அனுப்பும்போது
பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.
காலை ஆறு, பகல் பன்னிரண்டு,
மாலை ஆறு, இரவு பன்னிரண்டு:
ஒவ்வொரு நட்டுக்கும் கால் சுற்று,
ஒவ்வொரு சுற்றுக்கும் கால் மில்லிமீட்டர்.
காலுக்குக் கால்.
நாளெல்லாம் நடந்து ஒரு மில்லிமீட்டர் போனோம்
இரண்டு பேரும்.

நான் தையல்காரி.
அவன் பேன்ட்களின் பக்கத் தையலைப் பிரித்து
பட்டன் வைத்தேன்.
கம்பி நுழையும் துளைகளை
வெள்ளைத் துணியும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்தேன்,
பதினாறு துளைகள்,
அவன் பல்லைக் கடிக்கும் சத்தத்தில்
நான் எண்ணிக்கை தவறுவேன்,
முதலிலிருந்து தொடங்குவேன்.

இருபதாம் நாளோ என்னவோ,
வலி குறைகிறது என்றான்.
அன்றிரவு தூங்கினான்.
மறுநாளும் தூங்கினான்.
மூன்றாம் நாள் குளிர் இருபதுக்குக் கீழே போயும்
நான் எண்ணெய் காயவைத்து போர்சோக் சுட்டேன்,
அண்டை வீட்டுக்குக்கூடக் கொடுத்தனுப்பினேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர்
என் கையைப் பார்த்தார்.
"திருகிக் காட்டு."
காட்டினேன்.
தையல் மெஷின் சக்கரம் என்னை நோக்கித்தான் சுழலும்,
இருபத்திரண்டு வருடமாக.
மூன்று நாளாக என் கை
எலும்பையும் என்னை நோக்கியே
இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.
மூன்று மில்லிமீட்டர் பின்னால்.
அவன் தூங்கியது அதனால்தான்.

அவர் திட்டவில்லை.
நர்ஸ் ஜியிதேவின் நகப்பூச்சை வாங்கி
ஒவ்வொரு நட்டிலும் சிவப்பாக ஓர் அம்பு போட்டார்.
தோலோன் ஒன்றும் சொல்லவில்லை.
வழியில் பஸ்ஸில் மட்டும் கேட்டான்,
"போர்சோக் மிச்சம் இருக்கா?"

அம்பைப் பார்த்துத் திருகினேன்.
மறுபடி வலித்தது, மறுபடி தூங்கவில்லை,
மறுபடி சரியாகப் போனோம்.

மார்ச்சில், படத்தில்,
வெற்றிடத்தில் ஏதோ தெரிந்தது,
குளிர் ஜன்னலில் யாரோ ஊதிய மூச்சைப் போல.
"இதுவா எலும்பு?" என்றேன்.
"ஆகப்போகிறது" என்றார்.

அடுத்த அக்டோபரில் வளையங்களைக் கழற்றினார்கள்.
கால் கொஞ்சம் குட்டை, ஆறு மில்லிமீட்டர்.
செருப்புக்குள் கம்பளித் துண்டு தைத்துவிட்டேன்.
வளையங்களைக் கழுவி, கொதிக்கவைத்து
அத்-பஷியிலிருந்து வந்த சிறுமி ஒருத்திக்கு
மாட்டப்போகிறார்களாம்.

நேற்று ஜியிதே போன் செய்தாள்:
பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று கணக்கில் குறைகிறது.
தேடிப் பார்க்கிறேன் என்றேன்.
மெஷின் டிராயரில், பாபின்களுக்குப் பக்கத்தில்
அது இருக்கிறது.
அந்தச் சிறுமியின் அம்மா
என்ன வேலை செய்கிறாள் என்று
கேட்க மறந்துவிட்டேன்.