கந்தகக் குச்சி

கொளச்சலில் எங்கள் ஐஸ் பிளான்டில்
பித்தளைக்கு இடமில்லை.
பூட்டின் சாவிகூட இரும்பு.
சேர்ந்த அன்றே அந்தோனியார் சுருபத்தைக்
கழற்றச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை.
மூன்று மாதத்தில் கழுத்தில் கிடந்தபடியே
புனிதர் நீலம் பாரித்துப்போனார்.

அமோனியாவுக்குச் செம்பைக் கண்டால் ஆகாது.
ஈரத்தைக் கண்டால் விடாது.
கண், தொண்டை, அக்குள்,
உடம்பில் தண்ணீர் ஒளிந்திருக்கும் இடமெல்லாம்
தேடி வந்து எரிக்கும்.
அதே பேராசைதான் நமக்குக் காவலும்:
நனைத்த துவர்த்தை மூக்கில் கட்டினால்
பாதி அதிலேயே கரைந்துவிடும்.

நெருக்கினால் திரவம்.
கொஞ்சம் விட்டுப்பிடித்தால் கொதிக்கும்,
பூஜ்ஜியத்துக்கு முப்பத்துமூன்று படி கீழே.
கொதிக்க வேண்டிய சூட்டை உப்புத்தண்ணீரிடம் பிடுங்கும்.
உப்புத்தண்ணீர் தகரப்பெட்டிகளிடம் பிடுங்கும்.
கடைசியில் கணவாய்க்குக் கிடைப்பது
ஒரு கட்டி வெள்ளை.

தடைக்காலம் முடிந்த வாரம்.
வெளியே லாரிகள், வள்ளக்காரர்களின் கூப்பாடு.
இரவு இரண்டரைக்கு கேஜ் முள் சரிந்தது.
எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.
பதினோரு வருடம். என் மூக்கு
எப்போதோ ராஜினாமா செய்துவிட்டது.

கந்தகக் குச்சியைப் பற்றவைத்துக்
குழாய் வழியே பைய நடந்தேன்.
ஒழுகும் இடத்தில் வெறுங்காற்று
திடீரென்று வெள்ளைப் புகையாகும்.
ஆனது. மூன்றாம் வளைவில்.
சாம்பல் பெயின்டைச் சுரண்டினால்
உள்ளே மஞ்சளாய்ச் சிரிக்கிறது பித்தளை வால்வு,
குறுக்கே முடியளவு விரிசல்.
மேனேஜர் டென்னிசன் மிச்சம்பிடித்த
எண்ணூறு ரூபாய்.

ஹோஸைத் திறந்து, லைனை அடைத்து,
கண்ணைக் கழுவிக் கழுவி விடிந்தது.

ஸ்டெல்லாபாய்க்குக் குலசேகரத்தில் வேலை.
ரப்பர் பால் டாங்கில் இதே அமோனியாவை
அளந்து விடுகிறவள்.
விடாவிட்டால் பால் உச்சைக்குள் திரிந்துவிடும்.
இருவரும் ஒரே வாடையோடு வீடு வருவோம்,
கருங்கல் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகும்,
எங்களுக்குத் தெரியாது.

"மணமே வரல்லன்னா
எங்க ஒழுகுதுன்னு எப்பிடிக் கண்டுபிடிச்சிய?"
சொன்னேன்.
குச்சியை வாங்கி மோந்து பார்த்தாள்.
நாலு நாளாக நாங்கள் பேசவில்லை என்பது
அப்போதுதான் நினைவு வந்தது.
"வீட்டுக்கும் ஒண்ணு கொண்டாருங்க," என்றாள்.

ஓடையில் சட்டையை அலசப் போட்டேன்.
தண்ணீர் அவசரமாய்க் குடித்தது.