பன்னிரண்டிலிருந்து இறங்கும் படி

எங்கள் பிளாட்டில் லிஃப்ட் பதினொன்றில் நிற்காது.
பத்தில் இறங்கி ஒரு மாடி ஏறலாம்,
பன்னிரண்டு வரை போய் ஒரு மாடி இறங்கலாம்.
நான் ஏறுவேன்.
இரவு ஷிஃப்ட் முடித்த காலுக்கு
இறக்கம்தான் தோது என்பாள் அம்மா.

அதையேதான் விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தேன்.
ரைஃபிள் ரேஞ்ச். பதினேழு மாடி.
ஒரு கையில் கேஸ் தோங், மறு கையில் தம்பி,
நடுவழியில் பூனைகள், துணி காயும் கழிகள்,
நாலு உயிர்.

மடிக்கணினி மூன்றாம் கை.
அழிக்கும் விசை கழன்று போனது,
தப்பை நீக்கப் பென்சில் முனையால் குத்த வேண்டும்.
பாயான் லெப்பாஸில் அம்மா
சரி, சரி, கழிவு, சரி என்று பிரித்த சில்லு ஒன்று
இதற்குள் இருக்கலாம்.
கழிவாத்தான் இருக்கும் என்கிறாள்.

பதினொன்றாம் மாடியில் கால் வைத்ததும்
என் ஆள் விழுவாள்.
பத்தைத் துளைத்து, ஒன்பதைத் துளைத்து,
மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம், பினாங்குத் தீவு,
எல்லாம் தாண்டிக் கறுப்பில்
விழுந்துகொண்டே இருப்பாள்.
மூன்று வாரம்.
எஸ்பிஎம் பயிற்சித் தாளின் பின்பக்கமெல்லாம்
அவள் விழுந்த கணக்கு.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.
அச்சார்47 வந்தான், அல்லது வந்தாள்.
கூச்சிங் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது.
பாதி மலாய், பாதி ஆங்கிலம், கடைசியில் ஒரு வரி:
தரையை வரைந்துவிட்டாய்,
அது தரை என்று அதனிடம் சொல்லவில்லை.

ஒரு கட்டம். ஒரு டிக்.
நின்றாள்.
நான் போட்ட கூச்சலில்
எதிர்வீட்டு ஆன்ட்டி சியூ லான் துடைப்பத்தோடு வந்துவிட்டார்.

கூலிமிலிருந்து ஒருத்தி
தன் பிளாட் லிஃப்டின் முனகலைப் பதிந்து அனுப்பினாள்.
எங்களுடையதைவிட நல்ல முனகல்.
பூனைக்கு வால் நீளம் என்று
யாரோ நாற்பது நிமிடம் சண்டை போட்டார்கள்.

ஒருநாள் காலை எட்டாகியும் அம்மா வரவில்லை.
போன் அடித்து அடித்து நின்றது.
பிழைச் செய்திகளுக்கு நடுவே அதையும் எழுதிவிட்டேன்.
பயப்படாதே என்று அச்சார் சொல்லவில்லை.
ஆடு, நான் பார்க்கிறேன்.
ஆடினேன். பூனையிடம் செத்தேன்.
கழியிடம் செத்தேன்.
ஒவ்வொன்றையும் அங்கிருந்து எண்ணி அனுப்பியது.
அறுபத்திரண்டாவதில் மாடிப்படியில் செருப்புச் சத்தம்,
மேலிருந்து கீழே.

தொழிற்சாலை பஸ் பாலத்தில் நின்றுவிட்டதாம்.
சீருடையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து
எங்கே, காட்டு என்றாள்.
காட்டினேன்.

லிஃப்டில் ஏறினாள். பத்தைத் தாண்டினாள்.
பன்னிரண்டில் இறங்கிப்
பழக்கத்தில் கீழ்ப்படிக்குத் திரும்பினாள்.
ஐயோ அம்மா, அந்தப் படிக்கு நான்

சொல்லவே இல்லை.

விழுந்துகொண்டிருந்தாள்.
விழுவதைப் பார்த்து, ஒரு கையால் வாயைப் பொத்தி,
தம்பி எழுந்துவிடாமல்
சிரித்துக்கொண்டிருந்தாள்.
நான் பென்சிலைத் தேடினேன்.