பெறுநர் கையொப்பம்

பதினேழாவது லாரி உள்ளே வந்தபோது
மின்நிலையத்தில் மின்சாரம் இல்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அளவுகோலைத் தொட்டிக்குள் இறக்கினேன்.
ஈரம் நின்ற கோட்டில் விரல் வைத்துப் படித்தால்
நாற்பத்தோராயிரம் லிட்டர்.
தாளில் நாற்பத்திரண்டு.
டிரைவர் வானத்தைப் பார்த்தான்.
எல்லையிலிருந்து இங்கு வர ஒன்பது சோதனைச் சாவடிகள்,
ஒன்பதுக்கும் தாகம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
எங்கள் ஆற்றில் தண்ணீர் ஓடுவது
வருஷத்தில் மூன்றோ நான்கோ நாள்.
மற்ற நாளெல்லாம் லாரி ஓடும்.

வடக்கேயிருந்து கூடவே வந்த அதிகாரி முஸாயித்.
பெயருக்கே உதவுகிறவன் என்று பொருள்;
அதைச் சொல்லி யாராவது சிரிப்பதற்குமுன்
அவனே சிரித்துவிடுவான்.
லாரியின் நெற்றியில் பேனர் கட்டச் சொன்னான்:
இரண்டு கொடிகள், அவர்களுடையது ஒரு சாண் பெரியது.
இருட்டில் படம் விழவில்லை.
ஜெனரேட்டரைப் போட்டோம்.
உதவியைப் படம் எடுக்க
உதவியிலிருந்தே ஆறு லிட்டர்.

ஏன் நேராக எங்களிடம், என்று கேட்டேன்.
நீலக் கொடி கட்டிய வெள்ளைக் கார்கள்
இதற்கென்றே இருக்கின்றனவே.

முதல் தேநீரில் அமைச்சகம் பேசியது:
சகோதர நாடு, ஒரே மண், ஒரே தொழுகைத் திசை.
இரண்டாம் தேநீரில் கணக்கன் பேசினான்:
நாலு கை மாறினால் நாலு கையிலும் எண்ணெய் ஒட்டும்;
கொடுத்தவன் பெயரோ
யாரோ எழுதும் அறிக்கையில் அடிக்குறிப்பாகிவிடும்.
மூன்றாம் தேநீருக்குச் சர்க்கரை தீர்ந்திருந்தது.
செருப்பைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டு சொன்னான்:
“என் வீடு வேலியிலிருந்து நாற்பது கிலோமீட்டர்.
மொட்டை மாடியில் நின்றால் உங்கள் பக்கம் கறுப்பாக இருக்கும்.
அந்தக் கறுப்புக்குள் பதினாறு வயதில் ஒருவன்
காற்றாடி இல்லாமல் புரண்டுகொண்டிருக்கிறான்.
அவனுக்கு யார் முதலில் விளக்குப் போடுகிறார்களோ
அவர்கள் பேச்சைத்தான் கேட்பான்.
டீசல், உபைத், சுவரைவிட மலிவு.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
வந்தது நிம்மதி.
இரக்கம் என்று சொல்லியிருந்தால்
அடுத்த மாதம் வருமோ என்று கலங்கியிருப்பேன்.
இரக்கம் சலித்துப்போகும்.
பயம் தவறாமல் தவணை கட்டும்.

பிறகு தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தான்.
மூன்றாம் தொட்டியின் வயிற்றில் ஒட்டுப்போட்ட தகடு,
ஒரு கதவு அகலம்.
“இது?”

லாரிகள் வரும் அதே திசையிலிருந்து
எட்டு வருஷத்துக்கு முன் ஒரு சத்தம் வந்தது.
அன்று இரவுப் பணியில் இருந்த பாஜுபைர்
காலையில்தான் புதுக் கண்ணாடி வாங்கியிருந்தான்.

“துரு” என்றேன்.

முஸாயித் தகட்டின் விளிம்பை ஆணி ஆணியாகக்
கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனான்.
குறிப்பேட்டில் எழுதினான்: துரு.
அதன்பின் குறைந்த ஆயிரத்தைப் பற்றி
அவனும் கேட்கவில்லை.

நன்றிக் கடிதம் அவர்கள் ஊரிலேயே அச்சாகி வந்திருந்தது,
தேதிக்கு மட்டும் இடம் விட்டு.
பெறுநர்: உபைத் பாதரஃபி, கிடங்குக் கணக்கர்.
மூன்று படிகள். கார்பன் தாள் பழசு.
மூன்றாம் படியில் என் பெயர் விழவில்லை.
அதுதான் எங்களுக்கான படி.

எட்டே காலுக்கு இயந்திரம் இருமிப் பிடித்தது.
ஐஸ் கம்பெனி, ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கும் அறை,
ஆளுநர் வீட்டுத் தெரு,
(இந்த வரிசையில் அல்ல)
கடைசியாக எங்கள் பேட்டை.

வீட்டுக்குப் போனபோது ரௌதா
நாலு நாள் அழுக்கை
வாஷிங் மெஷினில் திணித்துக்கொண்டிருந்தாள்.
டீசல் வந்துவிட்டது என்றேன்.
தெரிகிறதே என்றாள்.
யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள்,
ஒன்றும் கேட்கவில்லை.
மூடியை முழங்காலால் அழுத்திச் சாத்திவிட்டு,
எத்தனை மணி வரை இருக்கும், என்றாள்.