இடுப்பில் ஐந்து

சான்றிதழ்கள் மடங்காமல் போக
எங்கள் வீட்டில் இருந்த ஒரே உறை
அம்மாவின் எக்ஸ்ரே உறை.
மஞ்சள் தாள். மூலையில் நீலப் பேனாவில்
'கோவிந்தம்மாள், 44, பெ.'
அதற்குள் என் பத்தாவது, பன்னிரண்டாவது,
சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று.
எக்ஸ்ரேவை வெளியே எடுக்கவில்லை.
அது இல்லாவிட்டால் உறை தொய்கிறது.

முதல் சுற்றுக் கலந்தாய்வில்
வரிசை என்னைத் தாண்டி நடந்துபோனது.
கட் ஆஃப் அரை மார்க்கில் நின்றது.
அரை மார்க்கை
பாலக்கோடு மார்க்கெட்டில் யாரும் கணக்கில் வைக்கமாட்டார்கள்.
தக்காளிப் பெட்டி பதினைந்து கிலோ என்பார்கள்.
பதினேழு என்பது தூக்குகிறவளுக்குத் தெரியும்.
அம்மா தூக்கினாள், பதினோரு வருடம்,
லாரியின் பின்பலகை உயரத்துக்கு.

"பிசியோவா? அமுக்கி விடற வேலைக்கு
நாலரை வருசமா?" என்றான் மாதேஷ்,
பெரியப்பா மகன், ஓசூரில் ஒப்பந்தத்தில் இருக்கிறவன்.
நான் பதில் சொல்லவில்லை.
அரசு ஆஸ்பத்திரியில், பதினாலாம் எண் அறையில்,
அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்த பெண்ணின் கை
அமுக்கவே இல்லை.
கேட்டது.
இங்கயா,
இங்கயா என்று.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் நீட்டியவன்
என் முகத்தைப் பார்க்கவில்லை, உறையைப் பார்த்தான்.
பைபாஸ் ஓரம் மூன்று மாடி, கீழே டைல்ஸ் கடை.
"ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கட்டும்மா.
இன்னைக்குப் பத்தாயிரம் போதும்.
பதினெட்டு மாசக் கோர்ஸும் உண்டு,
பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாம்,
யாரும் கேக்கமாட்டாங்க."
"பழகறதுக்கு ஆஸ்பத்திரி?"
"டை-அப் இருக்கு."
"எதோட சார்?"
"டை-அப்."

லேப் பாருங்க என்றார், பார்த்தேன்.
கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு,
நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனம்.
கழுத்தில் ஏழு. முதுகில் பன்னிரண்டு.
இடுப்பில்
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
திரும்ப எண்ணினேன்.
ஐந்தாவது இருக்கவேண்டிய இடத்தில்
கம்பியில் கோத்திருந்தது ஒரு தண்ணி பாட்டில் மூடி.

எனக்கு ஐந்தையும் தெரியும்.
எத்தனையோ ராத்திரி குண்டு பல்புக்கு நேரே பிடித்து
எண்ணியிருக்கிறேன்.
கடைசி ஒன்று முன்னால் நழுவி,
ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கலாமா என்று
படியில் நிற்கிற ஆள் மாதிரி இருக்கும்.

"சார், இதுல ஒன்னு குறையுது."
"அட, மாடல்தானேம்மா."
மேஜையில் பரப்பியிருந்ததை
ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டேன்.
அவர் ஃபேனை நிறுத்திவிட்டார்.

இரண்டாம் சுற்று.
பாலக்கோடு பிரவுசிங் சென்டர், ஒரு பக்கத்துக்குப் பத்து ரூபாய்.
சீட்டு இருக்குமா, தெரியாது.
சேலம், அப்புறம் கோயம்புத்தூர், அப்புறம் எங்கேயோ திருச்சிப் பக்கம்.
ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரியாக மட்டும்
வரிசைப்படுத்தி எழுதி வந்திருந்தேன்.
ஸ்கேன் பண்ண உறையைக் கவிழ்த்த கடைக்காரர்
எக்ஸ்ரேவை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கினார்.
"இதையும் ஏத்தணுமா?"
"இல்லண்ணா. தெரியாம வந்துட்டுது."
அவர் கீழே வைக்கவில்லை.
இன்னொரு கை மெல்லப் பின்னால் போய்
சட்டைக்கு மேலே தடவியது.
"எனக்கும் இந்த இடந்தான் பாப்பா,
காலையில எந்திரிக்கவே முடியறதில்ல..."

"லாக் பண்ணுங்கண்ணா," என்றேன்,
"அஞ்சு மணிக்கு சைட் மூடிருவாங்க.
அப்புறமாப் பாக்கலாம்,
குனியறப்ப வலிக்குதா, நிமிர்றப்பவா?"