வால் வண்டி

ஞாயிறு, காலை ஆறரை.
பஹாவ் பெட்ரோல் நிலையத்தில்
பதினோரு மோட்டார். பத்து ஆண்கள், நான்.
காற்றுக் குழாய்க்கு வரிசை நிற்கிறது.
தர்மசீலன் நாசி லெமாக் பொட்டலத்தைப்
பெட்ரோல் தொட்டிமேல் பிரித்துப் பசியாறுகிறான்,
சம்பல் சொட்டினால் மட்டும் பதறுகிறான்.

நான் எப்போதும் கடைசி.
முன்னால் போகிறவன் வழி பார்ப்பான்,
வால் வண்டி ஆள் எண்ணும்.
வாரத்தில் ஆறு நாள்
செம்பனை ஆலை எடைமேடையில் உட்கார்ந்து
லாரி எண்ணி எண்ணிப் பிடித்த வியாதி
என்பார்கள். இருக்கட்டும்.

கடைசியில் வருகிறவளுக்கு முகங்கள் கிடைப்பதில்லை.
முதுகுகளைத்தான் படிக்கிறேன்.
குணாளனின் இடது தோள் சரிந்திருந்தால்
நேற்று இரவு ஷிப்ட்.
புது மாப்பிள்ளை தினகரன்
நேர்ச்சாலை வந்தாலே சட்டைப்பையைத் தொடுகிறான்,
அழைப்பு அதிர்கிறதா என்று.
யுகேந்திரன் முதுகு
எப்போதும் எனக்கு நேர் முன்னால்,
புவனேசன் கண்ணாடியில் விழாத தூரத்தில்.

எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை:
புவனேசனுக்கு வாரநாள் வேலை மோட்டார் இழுப்பது.
தவணை மூன்று மாதம் தப்பியவன் வாசலில்
விடியுமுன் போய் நின்று
மரியாதையாகச் சாவி கேட்பான்.
ஒருவன் கடித்த தழும்பு முழங்கையில் உண்டு.

யுகேந்திரனின் நீல மோட்டாருக்கு
இது நான்காவது மாதம்.
மண்வாரி ஓட்டிய வேலை போனதிலிருந்து
வண்டி முழுக்க மெழுகு போட்டுத் துடைக்கிறான்,
எண் பலகையில் மட்டும் சேறு காய்ந்து கிடக்கிறது.

தோட்டத்துக் கோயில் வளைவுக்கு ஆளுக்கொரு ஹார்ன்.
பதினோராவதுக்குப் பூசாரி வெளியே வந்து திட்டினார்,
அது எனக்கு.
செம்பனைக்குள்ளிருந்து பனி
சாலைக்கு வந்து நின்றது.
ஜுவாசே தாண்டியதும் கலைந்தது.
கோலப்பிலாவில் யாரும் நிற்கவில்லை.

புக்கிட் புத்தூஸ், பழைய சாலை.
புத்தூஸ் என்றால் மலாயில் அறுந்தது.
பெயர் வைத்தவன் சொல்லித்தான் வைத்திருக்கிறான்:
மூன்றாவது வளைவில்
யுகேந்திரனின் சங்கிலி.

மற்ற ஒன்பது விளக்கும் மேலே போய் மறைந்தன.
தடுப்புக் கம்பியில் இரண்டு குரங்கு,
கீழே அவன், நான்.
சங்கிலியைச் செத்த பாம்புபோல் தூக்கிக் காட்டினான்.
கொஞ்ச நேரத்தில் மேலிருந்து
ஒற்றை இஞ்சின் சத்தம் இறங்கியது.
விளக்கு தெரியுமுன்னே
யாரென்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.
கருவிப்பை யாரிடம் இருக்கும்?
பூட்டைத் திறக்கிறவனிடம்தானே.

புவனேசன் வணக்கம் சொல்லவில்லை.
பின் சக்கரத்தருகே மண்டியிட்டான்.
எண் பலகை அவன் நெற்றிக்கு நேரே.
கண்ணியைக் கோத்தான், தட்டினான்.
"காஞ்சு கெடக்குடா செயினு, எண்ணெய் காட்டு."
கைத்துணி சக்கரத்தைத் துடைத்தது,
மட்கார்டைத் துடைத்தது,
பலகையின் ஓரம் வரை வந்தது.

குரங்கு ஒன்று கொட்டாவி விட்டது.

துணி மடிந்து பைக்குள் போனது.
"நாளைக்கு எங்க இருப்ப?"
"தங்கச்சி வீட்டுக்கு. குளுவாங்."
"தூரமாச்சே" என்றான்,
நல்லதற்கா கெட்டதற்கா என்று
இன்றுவரை பிடிபடவில்லை.

மலை இறங்கும்போது
யுகேந்திரன் அவனுக்கு நேர் பின்னால் போனான்.
ரொட்டி சானாய்க் கடையில்
இருவரும் ஒரே கிண்ணத்துச் சாம்பாரில் தொட்டார்கள்.

திங்கள், எட்டு மணி.
ஆலை வாசலைக் கடந்தது புவனேசனின் சின்ன லாரி.
பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று,
கைப்பிடி மட்டும் துருத்திக்கொண்டு.
மேடைமேல் ஏறாத வண்டியை
நிறுத்திக் கேட்க எனக்கு அதிகாரமில்லை.
நிறம் தெரியவில்லை.
ஹார்ன் அடித்தான்,
கோயில் வளைவுக்கு அடிப்பதுபோலவே.

அடுத்த ஞாயிறு எண்ணினால் தெரிந்துவிடும்.