இலைக்கு ஒரு கட்டம்

ஐஸ் கம்பெனிக்கும் வலைக்கடைக்கும் நடுவே
பத்துக்குப் பத்து அறை.
ஒரு சுழற்றி, ஒரு சோதனை மிஷின்,
கரண்டு போனால் கதறும் ஒரு பேட்டரி.
தங்கச்சிமடத்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது.
ரத்தம் எடுக்கிற பிள்ளை என்பார்கள்.

கித்தேரியம்மாளுக்கு விரலில் குத்த முடியாது.
பாசி பறிக்கப் போகிறவள்.
பார் கிழித்த பத்து விரலிலும்
பழந்துணி சுற்றிய தடம்.
ஊசி எங்கே இறங்கினாலும்
அங்கே ஏற்கெனவே கடல் இறங்கியிருக்கும்.
முழங்கை மடிப்பில்தான் நரம்பு தேடுவேன்.

"வெறும் வயிறுதானே?"
"வெறும் வயிறுதான்.
கசாயம் மட்டும் குடிச்சேன்."

அந்த 'மட்டும்'தான்
ஏழு மாதமாக என் தலைவலி.

மார்கழியில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
சுற்றி எடுத்த குழாயில்
மேலே தெளிந்து நிற்கவேண்டிய மஞ்சளைக் காணோம்.
தேங்காய்ப்பால் நின்றது.
கொழுப்பு மிஞ்சினால் அப்படித்தான்,
எண் வருமுன்னே கண்ணுக்கு வந்துவிடும்.
காலில் ஒரு சிப்பி வெட்டு,
புரட்டாசியில் பட்டது, மூடவே இல்லை.

டாக்டர் மாத்திரை எழுதினார்.
உச்சிப்புளிச் சந்தையில் ஒருவன் பொடி தந்தான்.
சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, நாவல்கொட்டை.
நாலாவது என்ன என்று கேட்டால்
தொழில் ரகசியமாம்.

மாசியில் இருநூற்று அறுபது.
சித்திரையில் நூற்று எண்பத்தெட்டு.
குழாயில் பாலுக்கு யாரோ
தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார்கள்.
வெட்டு மூடிக்கொண்டது.

ரிப்போர்ட் தாளில் இலைக்குக் கட்டம் கிடையாது.
நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நானே கோடு போட்டேன்.
தேதி, சர்க்கரை, கொழுப்பு, மாத்திரை,
கடைசியாக, கொஞ்சம் வெட்கத்தோடு,
இலை.

நம்பத்தான் ஆசை.
ஆனால் இடையில் தவக்காலம் வந்தது,
நாற்பது நாள் கறியும் பலகாரமும் இல்லை.
மாத்திரையை முழுங்கினாளா, முந்தானையில் முடிந்தாளா
சத்தியமாக எனக்குத் தெரியாது.
பாசிக்குத் தடை போட்ட நாட்களில்
தினமும் பாம்பன் வரை நடந்தாளாம்.
ஒரே ஒரு உடம்பு.
அதற்குள் இத்தனை பேர் கைவைத்தால்
எந்தக் கையென்று எப்படி எழுத?

ஆனி.
கச்சான் வீசுகிறது, எல்லாரும் வடகடலுக்கு.
விடியுமுன் ரத்தம் கொடுத்துவிட்டு
வத்தைக்கு ஓடினாள்.
எட்டு மணிக்கு மிஷின் சொன்னது:
ஐம்பத்து நான்கு.

மறுபடி ஓட்டினேன்.
ஐம்பத்து மூன்று.

முகமூடிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
மூச்சை அடக்கி இறங்குகிறவளுக்கு
ஐம்பத்து மூன்று என்பது
எண் அல்ல.
கடையைப் பூட்டவில்லை. ஓடினேன்.
கரையில் வெயிலும் நானும்.
பக்கத்து வீட்டு செல்போன் எண்ணை
ஏன் வாங்கி வைத்தேனோ,
கடலுக்குள் அது எங்கே அடிக்கும்?

பதினொன்றரைக்கு வத்தை வந்தது.
ஈரச் சாக்கின் மேல் சாய்ந்திருந்தாள்.
உதடு வெளுப்பு, நெற்றியில்
உப்புத் தண்ணீரா வேர்வையா.
"லேசா கிறுகிறுப்பு. கடலுன்னா அப்படித்தானே."
கடையில் டீ சொல்லி
நானே கரண்டி பிடித்துக் கலக்கினேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாள்.
"சீனி போடலையா?"

"நாலு கரண்டி போட்டிருக்கு."

"பொய் சொல்லாதே பிள்ளே.
மண்ணைக் கரைச்ச மாதிரி இருக்கு."

"எதையாச்சும் மென்னீங்களா?"

மடியை அவிழ்த்தாள்.
பாதி கடித்த பச்சை இலைகள், ஏழெட்டு.
"தாகம் எடுக்காதேன்னு, கரை தெரியயில..."

நாக்குக்குத் தெரியாது.
ரத்தத்துக்குத் தெரியட்டும் என்று
டம்ளரைக் கையில் அழுத்தினேன்.
குடித்தாள், என்னைச் சந்தேகமாகப் பார்த்தபடியே.
கால் மணி நேரத்தில்
உதட்டுக்கு நிறம் வந்தது.

பொடியையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு
நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றேன்.
நாளைக்கு நீர் வத்தம், பறிக்கப் போகணும் என்றாள்.

நோட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.
இலைக் கட்டத்தில் ஒரு டிக் போட்டாயிற்று.
நாலு கரண்டிச் சீனியை
எந்தக் கட்டத்தில் எழுத?