பிரிக்காதவை

ஹார்லிங்கன் நூலகத்தின் மாடியறை.
புதன்கிழமை, பத்து மணி.
மளிகைப் பையை மேசைமேல் கவிழ்த்தேன்.
நூற்று நாற்பத்து மூன்று உறைகள்.
ஒன்றுகூடப் பிரித்ததில்லை.
சில வழுக்கித் தரையில் விழுந்தன.
குனிந்து பொறுக்கியவள் சிட்ஸ்கே,
கடன் ஆலோசகர்.
என் மகள் வயது இருக்கும்,
எனக்கு மகள் இருந்திருந்தால்.

ஏன் பிரிக்கவில்லை என்று கேட்பாள்,
பதில் தயாராக வைத்திருந்தேன்:
கண்ணாடி உடைந்துவிட்டது.
கண்ணாடி என் மூக்கின்மேல்தான் இருந்தது,
அது வேறு விஷயம்.
அவள் கேட்கவில்லை.
"காபியா, தேநீரா?"
பிறகு, "நிறம் பார்த்து அடுக்குவோமா?"

நீலம், வரி அலுவலகம்.
ஜன்னல் வைத்த வெள்ளை, வங்கி.
மஞ்சள் எதற்கென்று இருவருக்குமே தெரியவில்லை.
ஒரு மணி நேரம்
சீட்டாட்டக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.
அவ்வளவுதான் முதல் நாள்.
திரும்பும் வழியில் பசித்தது,
பதின்மூன்று மாதத்தில் முதல் தடவை.
வறுத்த மீன் வாங்கித்
துறைமுகச் சுவரில் உட்கார்ந்து தின்றேன்.
பாதியைக் கடற்பறவை கொண்டுபோயிற்று.

டெர்ஸ்கெல்லிங் தீவுப் படகின்
எஞ்சின் அறையில் முப்பத்தோரு வருடம்.
எந்த வால்வு முனகினாலும் தெரியும் எனக்கு.
காகிதம் தெரியாது.
அது பௌக்யேயின் இலாகா.

இரண்டாம் புதன்.
"இது உங்கள் பெயருக்கு வரவில்லையே" என்றாள் சிட்ஸ்கே.
இன்னொன்றை எடுத்தாள்.
இன்னொன்றை.
மதிப்புக்குரிய திருமதி பௌக்யே,
தண்ணீர்க் கட்டணம்.
மதிப்புக்குரிய திருமதி பௌக்யே,
பல் காப்பீடு.
"அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது தப்பு" என்றேன்,
பள்ளிக்கூடத்துப் பையன் குரலில்.

அவள் பேனாவை மூடி வைத்தாள்.
காலம் ஆற்றும் என்று சொல்லவில்லை.
கையைத் தொடவில்லை.
கீழே யாரோ
புத்தகங்களைத் திருப்பித் தரும் பெட்டியில்
போட்டுக்கொண்டிருந்தார்கள்,
தொப், தொப்.
எத்தனை புத்தகம் என்று எண்ணினேன்.
பதினொன்று வந்ததும்
என் வாய் தானாகச் சொன்னது:
பிரித்தால் பிரிந்துவிடுவாள்.

மூன்றாம் புதன், தொலைபேசி.
முதல் அழைப்பில் அவளே பேசினாள்:
வாடிக்கையாளர் இறந்துவிட்டார்.
இரண்டாவதிலும் அவளே.
மூன்றாவதில் ஃபோனை மேசை நடுவில் வைத்தாள்,
என் பக்கம் ஒரு விரற்கடை அதிகமாக.
என் மனைவி இறந்துவிட்டாள், என்றேன்.
"எந்தத் தேதியிலிருந்து
பல் சிகிச்சை தேவைப்படாது, ஐயா?"
மறுமுனையில் ஒரு பையன், பாவம்.
சிட்ஸ்கே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
நான் சிரித்தேன்,
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்கு.

ஏழு முறை சொன்னேன் அன்று காலை.
ஏழாவது முறை குரல் உடையவில்லை.
அது துரோகம்போலப் பட்டது.
அதையும் சொன்னேன்.
"அதுவும் வரும்" என்றாள்,
அடுத்த எண்ணைத் தேடியபடி.

கடன் தீரவில்லை.
மாதம் நூற்றுப் பதினேழு யூரோ,
முப்பத்தாறு மாதம்.
தூக்கமும் முழுசாக வந்தபாடில்லை.
பதினொரு மணிக்குத் தபால் விழுந்தால்
இன்னும் தோள் இறுகுகிறது.
இறுகட்டும்.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
வாசலில் நின்றபடியே
வெண்ணெய்க் கத்தியால் கிழித்துவிடுகிறேன்.

பழைய பையில் ஒன்று மட்டும் பாக்கி.
நகராட்சி நீச்சல்குளம்.
பருவச் சீட்டைப் புதுப்பிக்கச் சொல்லியிருப்பார்கள்.
"இதை என்ன செய்ய?" என்றேன், கடைசிப் புதன்.
சிட்ஸ்கே கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
"அவர் எப்படி நீந்துவார்?"

மல்லாந்து.
காது இரண்டும் தண்ணீருக்குள்.
கூப்பிட்டால் கேட்காது.
நான் கரையில்
துண்டோடு நிற்பேன்.